பூட்டைத் திறந்தால் புரட்டுவார்கள்

தலைமையேற்றிருக்கும் ஐயா அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் தலைமையாசிரியர்களே, பந்தல் போட்டுக்கொடுத்த வணிகர் சங்கத்தாரே, வாசகர் வட்டத்து நண்பர்களே, முன்வரிசைக் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

'கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்.' இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையைவிட்டும் இறங்குவதில்லை. இன்று மூன்று செய்திகள். கிளை பிரியும் கதைப் புத்தகம் என்றால் என்ன, அதன் அமைப்பைப் படமாக வரைவது எப்படி, தமிழில் அப்படி எழுதுவது எப்படி.

அமெரிக்காவில் எட்வர்ட் பேக்கார்ட் என்றொரு வழக்கறிஞர். மகள்களுக்குக் கதை சொல்லும்போது மேற்கொண்டு ஓடவில்லை என்றால், அடுத்து என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்பார். அந்தக் கேள்விதான் புத்தகமானது. படிக்கிறவரே கதையின் நாயகர். 'இதைச் செய்தால் இந்தப் பக்கத்துக்குப் போ, அதைச் செய்தால் அந்தப் பக்கத்துக்குப் போ' என்று புத்தகம் ஆங்காங்கே கேட்கும். தேர்ந்தெடுத்த வழிக்கு ஏற்பக் கதையும் முடிவும் மாறும். இதுதான் கிளை பிரியும் கதை. 1979இல் வந்த அவருடைய 'தி கேவ் ஆஃப் டைம்' நூலில் 40 முடிவுகள்!

சரி, வரைவது எப்படி? பக்கத்துக்கு ஒரு வட்டம், உள்ளே பக்க எண். அங்கிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகச் சொல்கிறதோ அதற்கு ஓர் அம்பு. அம்பு கிளம்பாத வட்டம் முடிவு. அதற்குச் சிவப்பு அடியுங்கள். எந்தப் பாதை சட்டென்று முடிகிறது, எங்கே இரண்டு பாதைகள் மறுபடி சேர்கின்றன, எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது ஒன்றை விரிவாகவே சொல்கிறேன். 1982இல் அதே பேக்கார்ட் எழுதியது 'இன்சைட் யூஎஃப்ஓ 54-40'. கான்கார்ட் விமானத்தில் போய்க்கொண்டிருக்கிற உங்களை வேற்றுக்கிரகத்தார் பிடித்துக்கொள்கிறார்கள். அல்டிமா என்றொரு சொர்க்கக் கிரகம் இருப்பதாகக் கேள்விப்படுகிறீர்கள். படிக்கிற குழந்தை அதைத் தேடுகிறது. இந்த வழியில் போகிறது, இல்லை. முதலிலிருந்து வேறு வழியில் வருகிறது, அங்கேயும் இல்லை. எல்லா முடிவையும் பார்த்தாயிற்று, அல்டிமாவை மட்டும் காணோம்! பொறுமை போய்ப் புத்தகத்தை இஷ்டத்துக்குப் புரட்டுகிறது. அதோ இருக்கிறது அல்டிமா! வேறு எந்தப் பக்கமும் அங்கே போகச் சொல்வதில்லை. சொன்ன வழியிலேயே போகிறவர் அங்கே சேரவே முடியாது. படம் வரைந்தால் எந்த அம்பும் வந்து சேராமல் அந்த இடம் தனியே நிற்கும். கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்!

ஐயா, அம்மா, என் வேண்டுகோள் இங்கேதான். புரட்டினால்தானே அல்டிமா? பல நூலகங்களில் குழந்தைப் புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. கிழிந்துவிடும் என்ற பயம். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம், பூட்டியே வைத்தால் கண்டதைக் கற்பது எப்படி? மூன்றாவது செய்திக்கு நேரம் போதாது. அதைவிட அவசரம் அந்தச் சாவி. சனிக்கிழமைதோறும் அலமாரியைத் திறந்து, தரையில் பாய் விரித்து, குழந்தைகளை எடுக்க விடுங்கள். படித்த கதையை அங்கேயே வரையட்டும். சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் எங்கள் வாசகர் வட்டம் வாங்கித் தரும்.