கொடி நாள் வசூல் நன்றியா, சம்பிரதாயமா? – ‘நன்றியே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “காலையில் சட்டையில் குத்திய காகிதக் கொடி சாயங்காலம் குப்பைத் தொட்டியில் கிடக்கிறது, இதுவா நன்றி?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

வேலூர் பேருந்து நிலையம். டிசம்பர் 7, படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் நிதி திரட்டும் கொடி நாள். டீக்கடை வாசலில் ஒரு பள்ளி மாணவன் உண்டியலோடு தயங்கி நிற்கிறான். பெஞ்சில் ஒரு பெரியவர். ஒரு கால் செயற்கைக் கால். அவரே பையனைக் கூப்பிட்டார். உடனே காசு போட்டாரா? இல்லை. உண்டியலைத் திருப்பி அரக்கு முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பட்டாளத்துக்காரர் அல்லவா! பிறகு நூறு ரூபாய்த் தாளை நான்காக மடித்துத் திணித்தார்.

பையன் கேட்டுவிட்டான்: “தாத்தா, உங்களைப் போன்றவர்களுக்காகத்தானே வசூல்? நீங்களே போடுகிறீர்களே?”

என்ன சொன்னார் தெரியுமா? பொறுங்கள். முதலில் கொடியை வாங்கினார். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம். முப்படைக்கும் ஒவ்வொரு நிறம். அதைப் பையனின் சட்டையிலேயே குத்திவிட்டார். பிறகுதான் சொன்னார்: “எனக்குப் பென்ஷன் வருகிறது தம்பி. என்னோடு வந்தவன் திரும்பவில்லை. அவன் வீட்டுக்குப் போகட்டும்.”

நண்பரே, அந்தக் கொடியும் அன்று சாயங்காலம் குப்பைக்குப் போயிருக்கும். போகட்டும்! நூறு ரூபாய் போகவில்லையே! 1949 முதல் இந்த வசூல் நடக்கிறது. போரில் கணவனை இழந்தவளின் பிள்ளை இந்த நிதியில் படிக்கிறது. புனேயின் கிர்கியில், முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் வீரர்களின் மறுவாழ்வு மையத்துக்கு இந்த நிதி உதவுகிறது. குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தவர் கிர்கியையும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

“இதை அரசு செய்யட்டுமே” என்றார் எதிரணி நண்பர். செய்யட்டும். நம் நன்றியையுமா அரசு செலுத்தும்?

அதே வேலூரில் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு அந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. பதினான்கு தாய்மார் ஐயா! தபால்காரர் தெருவில் நுழையும்போதெல்லாம் வாசலுக்கு ஓடியிருப்பார்களே! நடுவர் அவர்களே, என் வாதத்தை விட்டுவிடுங்கள். அந்தத் தாய்மாரை நினைத்துத் தீர்ப்பு சொல்லுங்கள். வணக்கம்.