கேட் போச்சு, பாடை வந்துச்சு!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பணக்காரர்களுக்கு வரி ஏறாமல் காப்பது பணபலமா, சொல்பலமா? பணபலம் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். நான் சொல்பலம் என்கிறேன். என்னிடம் வேறு பலம் கிடையாது.

அமெரிக்காவில் 1916 முதல் ஒரு வரி இருக்கிறது. பெரும் சொத்தை விட்டுவிட்டு ஒருவர் இறந்தால், அது வாரிசு கைக்குப் போகுமுன் அரசு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பெயர் எஸ்டேட் வரி. எஸ்டேட் என்றதும் கண்முன் என்ன வருகிறது? பெரிய இரும்பு கேட், உள்ளே இரண்டு நாய். அந்த வீட்டுக்கு வரி போட்டால் யார் அழப்போகிறார்கள்?

1990களில் ஃபிராங்க் லன்ட்ஸ் என்ற கருத்துக்கணிப்புக்காரர் குடியரசுக் கட்சியினருக்கு ஒரு யோசனை சொன்னார். ‘எஸ்டேட் வரி என்று சொல்லாதீர்கள், சாவு வரி என்று சொல்லுங்கள்.’ சட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் கேட் போச்சு, நாய் போச்சு, பாடை வந்துச்சு!

இருங்கள், இன்னும் இருக்கிறது. செய்தியாளர்களை எங்கே வைத்துச் சந்திக்கச் சொன்னார் தெரியுமா? பிணம் வைக்கும் இடத்தில்! பின்னால் சவப்பெட்டி, முன்னால் மைக். அந்த இடத்தில் நின்று கோடீஸ்வரருக்காகப் பேசினாலும் கேட்பவருக்குக் கண்ணீர் வருமா வராதா?

வந்தது. அப்போது அங்கே இறந்த 100 பேரில் சுமார் 2 பேரின் சொத்துக்குத்தான் அந்த வரி. ஆனாலும் மக்களில் பெரும்பாலானோர் ‘ஒழித்துவிடுங்கள்’ என்றார்கள். 2001இல் அதிபர் புஷ் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். வரி படிப்படியாகக் குறைந்து, 2010 ஒரு வருடம் மட்டும் அறவே இல்லை. 2011இல் திரும்பி வந்துவிடும் என்று ஏற்பாடு.

இப்போது 2009 டிசம்பர் கடைசி. கோடீஸ்வரர் படுக்கையில். மகன் காலைப் பிடித்துக்கொண்டு, ‘அப்பா, இன்னும் நாலே நாள், எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறான். என்ன பாசம்! பெரியவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த டிசம்பர் வந்தது. அதே படுக்கை, அதே மகன். ‘என்னப்பா, இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்?’

சரி, அந்தச் சொல்லைப் பரப்பியதே பணம்தானே என்று எதிரணி கேட்கும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எதிரணி அம்மையாருக்கு ஒரு பதில். ‘வருமான வரியே கட்டாத ஆள், கோடீஸ்வரர் வரியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்’ என்றார். நீங்களும் சிரித்தீர்கள். அம்மா, நான் வரி கட்டுகிறேன். சோப்பு போட்டால் வரி, பல் தேய்த்தால் வரி, போன் பேசினால் வரி. நீங்கள் சொன்னதைக் கேட்டுத் தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போய்த் தைலம் தடவினால் அதற்கும் வரி! கோடீஸ்வரர் போடும் சோப்புக்கும் அதே வரிதான். அவர் முதுகு என்ன என் முதுகைவிட ஆயிரம் மடங்கு அகலமா? இதற்கு ஏன் யாரும் ‘குளியல் வரி’ என்று பெயர் வைத்துக் கத்தவில்லை? எனக்குப் பெயர் வைத்துக்கொடுக்க ஆள் இல்லை, அம்மா.

என் அப்பா இறந்தபோது விட்டுப்போனது ஒரு கைக்கடிகாரம். ஓடாது. தோல் வார், அவர் வழக்கமாக மாட்டும் மூன்றாவது துளை மட்டும் பெரிதாகியிருக்கும். அதற்கு எந்த நாட்டிலும் வரி கிடையாது. ஆனால் ‘சாவு வரி’ என்ற சொல்லை முதன்முதலில் படித்த ராத்திரி நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்துபோய் மேசை இழுப்பறையைத் திறந்து, அந்தக் கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தேன். யாரோ எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று பயம்.

மணி அடித்துவிட்டீர்களா, நடுவர் அவர்களே? எதிரணிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறதே. அந்தக் கடிகாரத்தைத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இதில் இன்னும் நேரம் இருக்கிறது.