கருதுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் ஒரு மாணவி, செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையை என்னிடம் கொண்டுவந்தாள். முதல் பக்கத்திலேயே, ‘இவ்வீடுகள் பகட்டுக்காகக் கட்டப்பட்டவை எனக் கருதப்படுகிறது’ என்றிருந்தது.

“யாரம்மா கருதுவது?” என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “நான்தான் ஐயா. ஆனா ‘நான்’னு எழுதக்கூடாதாமே?” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் ஆய்வேட்டிலும் ‘நான்’ வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் அடிபட்டது. அப்புறம் நானும் ‘எனலாம்’, ‘அறியமுடிகிறது’ என்று பல வருஷம் ஒளிந்துகொண்டுதான் எழுதினேன்.

நம் மரபு அப்படி ஒளியச் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூலில் பவணந்தி முனிவர் எழுவகை மதம் சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் சொன்னதற்கு உடன்படலாம், மறுக்கலாம், இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணியலாம். எனக்குப் பிடித்தது ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு’. தானே ஒன்றை நாட்டி, அதை நிலைநிறுத்துவது. நாட்டுவது எளிது. நிறுப்பதில்தான் வேலை இருக்கிறது.

அது கணக்கெழுதிப் பழகிய நம் ஊருக்குத் தெரிந்த வேலைதான். கணக்குப் பேரேட்டில் ஒரு தொகை ஏறினால் அதற்கு அன்றாடக் குறிப்பில் ஒரு வரி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் கணக்கை நேர்பார்க்கும் ஐந்தொகை இடிக்கும். மாணவியின் ‘பகட்டு’க்கும் அப்படிச் சான்று வரி இருந்தது: பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு. சரி. ஆனால் கனத்த சுவர்? காற்றும் வெளிச்சமும் இறங்கும் முற்றம்? கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை? இவற்றை அவள் எழுதவே இல்லை. தன் கருத்துக்கு ஒத்துவராததை விட்டுவிட்டால் அது வரவை மட்டும் காட்டி பற்றை மறைத்த கணக்கு. மேற்கோள்களை அடுக்குவதாலும் இது சரியாகாது. பத்துப் பேர் சொன்னதை எடுத்துப் போட்டுவிட்டு, தான் என்ன நினைக்கிறோம் என்று சொல்லாமலே முடித்த கட்டுரைகள் என் மேசையில் நிறைய உண்டு.

பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தாள். ‘பகட்டு இருந்தது உண்மை. ஆனால் வீட்டின் அமைப்பைத் தீர்மானித்தவை வெயிலும் கூட்டுக்குடும்பமும் என்பதே என் வாதம்’ என்று மாற்றியிருந்தாள். அவள் கருத்தே மாறிவிட்டது!

“சுவர் கனம்னு எழுதியிருக்கியே, எவ்வளவு கனம்?” என்று கேட்டேன். மறுநாள் அந்த வீடுகள் இருக்கும் கானாடுகாத்தானுக்கு பஸ் ஏறினாள், கையில் அளவு நாடாவோடு.