துறைமுகம் நோக்கி வீசிய காற்று

அவையோருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் 'ஆப்பர்ச்சூன்' என்றொரு சொல். அகராதி 'தக்க தருணத்தில் அமைந்த' என்று பொருள் சொல்லும். பொருள் சரிதான். ஆனால் அதற்குள் ஒரு பாய்மரக் கப்பல் இருக்கிறது.

லத்தீனில் 'ஓப்' என்றால் நோக்கி, 'போர்த்துஸ்' என்றால் துறைமுகம். கப்பலைத் துறைமுகம் நோக்கித் தள்ளிவரும் காற்றுதான் 'ஓப்போர்த்தூனுஸ்'.

ரோமானியச் சரக்குக் கப்பலை ஓட்டியது நடுமரத்தில் கட்டிய பெரிய சதுரப் பாய். பின்காற்று கிடைத்தால் விரைந்து ஓடும். எதிர்க்காற்றில் அங்கும் இங்கும் வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். கோடையில் மத்தியதரைக் கடலில் வடக்கு, வடமேற்குக் காற்று. இத்தாலியிலிருந்து எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு இரண்டு மூன்று வாரத்தில் போன கப்பல், கோதுமை ஏற்றித் திரும்ப இரண்டு மாதம்கூட ஆகும். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கப்பலோட்டத்துக்குக் கடலே அடைபட்டதாகக் கொண்டார்கள். துறைமுகத்துக்கென்றே போர்த்தூனுஸ் என்ற தெய்வம். விழா ஆகஸ்ட் 17. ரோமில் திபெர் ஆற்றங்கரையில் அவர் கோயில் இன்றும் நிற்கிறது.

எதிர்ச்சொல் 'இம்போர்த்தூனுஸ்': ஒதுங்கத் துறை தராதது. அதிலிருந்து வந்த 'இம்பார்ச்சூன்' ஆங்கிலத்தில் விடாமல் நச்சரிப்பதைக் குறிக்கிறது.

புழக்கத்தில் தவறுவது எங்கே? ஆப்பர்ச்சூன் காற்றைச் சொன்ன சொல், மாலுமியை அல்ல. இன்றும் தருணத்துக்கும் சூழலுக்கும்தான் அது பொருந்தும். ஒரு மனிதரை அப்படி வருணித்தால் இடறும். ஆளைக் குறிக்க 'ஆப்பர்ச்சுனிஸ்ட்' இருக்கிறதே என்று அதைப் பாராட்டாக எழுதிவிடக் கூடாது. அது சந்தர்ப்பவாதி என்ற ஏச்சு. 'டைம்லி'யும் வேறு. வெள்ளத்தில் படகு வந்து சேர்ந்தால் அந்த உதவி டைம்லி. விலை இறங்கி, கையில் பணமும் இருக்கும்போது நிலம் வாங்க அமையும் வேளை ஆப்பர்ச்சூன்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' உடனே நினைவுக்கு வரும். களத்தில் முறத்தை உயர்த்திச் சரிக்க, நெல் காலடியில் விழும், பதர் விலகிப் பறக்கும். இங்கும் காற்றுதான், ஆனால் பழமொழி தூற்றுகிறவருக்குக் கட்டளை இடுகிறது. லத்தீன் சொல் காற்றோடு நின்றுவிடுகிறது. அதனால் நான் 'வாய்த்த' என்பதையே தேர்வேன். மழை வாய்த்தது, மருமகள் வாய்த்தாள் என்கிறோம். நாம் பறித்ததல்ல, தானாக வந்து பொருந்தியது. 'ஆப்பர்ச்சுனிட்டி'க்கு 'வாய்ப்பு' என்று நாம் சொல்வதும் அதே வினையிலிருந்துதான்.