மரத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் சட்டி

வணக்கம். பின்னால் சத்தம் கேட்கிறதா? கரையோர ரயில். வெள்ளவத்தையில் பல்கனியில் நின்று வீடியோ எடுத்தால் இது இலவச இணைப்பு. போகட்டும், ஒரு நிமிஷம். ம், போய்விட்டது.

போன்சாய், அதுதான் சட்டிக்குள் சின்னதாகவே வளர்க்கிற மரம், காட்டுகிறேன் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். கையில் வெறும் சட்டியோடு நிற்கிறானே என்று நினைப்பீர்கள். மரம் அங்கே மூலையில் இருக்கிறது, அதற்கு அவசரமில்லை. முதலில் இதைப் பாருங்கள், கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன்.

நீள்வட்டச் சட்டி. நீளம் 24 சென்ரிமீற்றர். உள்ளே ஆழம் வெறும் நாலு. மினுக்கம் ஒன்றும் இல்லை, காய்ந்த கருவாப்பட்டையின் நிறம். இப்போது கவிழ்க்கிறேன். அடியில் இரண்டு பெரிய ஓட்டை, அவை தண்ணீர் போக. பக்கத்தில் நாலு சின்ன ஓட்டை தெரிகிறதா? அவை தண்ணீருக்கு இல்லை, மரத்தைக் கம்பியால் சட்டியோடு கட்ட. இவ்வளவு ஆழம் குறைந்த சட்டியில் கட்டாமல் விட்டால் இந்தக் கடற்காற்றுக்கு மரம் ஒரு நாள் கீழ்வீட்டுக்காரர் தலையில் இருக்கும். நாலு கால்களையும் பாருங்கள், மேகம் சுருண்ட மாதிரி வளைத்திருக்கிறார்கள். வடிவுக்கு மட்டும் இல்லை. சட்டி தரையில் ஒட்டாமல் நின்றால்தான் ஓட்டை அடைபடாது, அடியில் காற்றும் போகும்.

தட்டுகிறேன், கேளுங்கள். ணிங். இது நம்முடைய மண்சட்டி. டொக். முதலாவதைச் சூளையில் ஆயிரம் பாகைக்கு மேல் சுட்டிருக்கிறார்கள், அதனால் களி கல்லாகிவிட்டது, தண்ணீர் ஊறாது. நம்முடைய சட்டி அவ்வளவு சூடு காணாதது. குறை சொல்லவில்லை, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இது தொக்கொனாமே சட்டி. ஜப்பானில் ஐச்சி மாகாணத்தில் இருக்கிற ஊர், அந்த நாட்டின் ஆறு பழைய சூளை ஊர்களில் ஒன்று. பெரிய கைகாரர் வனைந்தது என்று நினைக்க வேண்டாம், அச்சில் வார்த்ததுதான். ஒரு சிநேகிதன் காற்சட்டைக்குள் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்து தந்தான். சீனாவில் யிஷிங் என்று இன்னொரு ஊர், அங்கே ஊதா மணல் என்று பெயர் வைத்த களி. பழைய யிஷிங் சட்டிகளை ஜப்பான்காரர்கள் மரத்துக்குச் சமமாக மதிப்பார்கள்.

‘போன்சாய்’ என்ற சொல்லில் ‘போன்’ என்றால் ஆழமில்லாத தட்டு, ‘சாய்’ என்றால் நடுவது. பெயரிலேயே சட்டி முன்னுக்கு நிற்கிறது, மரம் என்ற சொல்லே இல்லை! சீனாவில் ஜாங்ஹுவாய் என்ற இளவரசனுடைய கல்லறையில், 706ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஒரு சுவரோவியம் உண்டு. அதில் பணியாள் ஒருவர் சின்னச் செடியும் கல்லும் வைத்த தட்டு ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போகிறார். நம் வீடுகளில் ஆராத்தித் தட்டு எடுப்பது போலவே இருக்கும்.

இதெல்லாம் எனக்கு முதலே தெரிந்திருந்தால் நல்லது. நான் முதலில் வாங்கிய போன்சாயின் கதையைக் கேளுங்கள். கடையின் பெயர் வேண்டாம். மண்ணின் மேல் வெள்ளைக் கூழாங்கல், பளபளவென்று சட்டி, ‘கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் காணும்’ என்று உத்தரவாதம் வேறு. இலை உதிரத் தொடங்கியபோது கல்லை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்! கிண்டி எடுத்துப் பார்த்தால் சட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை. வேர் முழுக்கக் கறுத்து, அழுகின வெங்காய நாற்றம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

இரண்டாவது, அந்த மூலையில் நிற்கிற ஃபைகஸ். பத்தரமுல்லை தியத்த உயனவில் செடிக் கடைகள் வரிசையாக இருக்கிற பக்கம் வாங்கியது, அப்போது சாதாரணச் செடி. ஆலமரத்துக்குத் தம்பி முறை. கிள்ளினால் பால் வரும். இதை ஒரு கடும் நீலச் சட்டியில் வைத்தேன், கண்ணாடி போல் மினுங்கும் சட்டி. வீட்டுக்கு வந்த எல்லாரும் ‘சட்டி நல்ல வடிவு’ என்றார்கள். எனக்குப் பெருமை. ஏழாவதோ எட்டாவதோ ஆள் சொன்னபோதுதான் சுருக்கென்றது. மரத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

சரி, மரத்தைக் கொண்டுவருகிறேன். உயரம் 36 சென்ரிமீற்றர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 24, அதுதான் சட்டியின் நீளம். அடித்தண்டின் தடிப்பு நாலு, சட்டியின் ஆழமும் நாலு. கணக்கு இவ்வளவுதான், அதுவும் கல்லில் வெட்டியது இல்லை. மலைச்சரிவில் தொங்குவது போல வளர்த்த மரத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது, அதற்கு உயரமான சட்டி வேண்டும். பைன் மாதிரி ஊசியிலை மரங்களுக்கு மினுக்கமில்லாத மண்நிறம். பூக்கிற, காய்க்கிற மரங்களுக்குப் பூச்சு போட்ட நிறச் சட்டி. என் பார்வையில் முதலில் அடிவேரைப் பார்க்கவேண்டும். இதோ, விரல் வைக்கிற இடத்தில் வேர் கோழிக்கால் மாதிரி விரிந்து மண்ணைப் பிடித்திருக்கிறது. ஆழச் சட்டியில் வைத்தபோது விளிம்பு இதை மறைத்துக்கொண்டு நின்றது. சட்டி தட்டையானதும் கண் நேரே வேரில் விழுகிறது, அங்கிருந்து தண்டு வழியாக மேலே ஏறுகிறது. கையளவு மரம் நூறு வயது மரம் போல் தெரிவது அப்போதுதான். நடுவில் வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருக்கிறேன், பெரிய கிளை வலப்பக்கம் நீள்வதால். நடுவில் வைத்தால் பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கும்.

தண்டில் சுருள் தழும்பு தெரிகிறது, அது என் சோம்பல். கம்பி சுற்றி வளைத்துவிட்டு, ஜப்பான்காரர் வீடியோ ஒன்றைப் பார்த்து மாதக்கணக்கில் விட்டுவிட்டேன். கொழும்பு வெக்கையில் மரம் நிற்காமல் பருக்கும். ஒன்றரை மாதத்தில் கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது. ஆனால் இதே வெக்கைதான் இதையும் தந்தது, பாருங்கள், கிளையிலிருந்து நூல் போல் இறங்குகிற விழுது. குளிர்நாட்டுக்காரர்கள் இதற்காகக் கண்ணாடிப் பெட்டி கட்டி ஈரம் காக்கவேண்டும். எங்களுக்குச் சும்மா கிடைக்கிறது.

இப்போது மழைக்காலம் வருகிறதே, அதற்கு ஒரு விளையாட்டு காட்டுகிறேன். குசினியில் பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்ச். நன்றாக நனைத்து இப்படிக் கையில் படுக்க வைத்துப் பிடிக்கிறேன். சொட்டுகிறது, சொட்டுகிறது, நின்றுவிட்டது. இனி நிமிர்த்திப் பிடிக்கிறேன். பார்த்தீர்களா, திரும்பவும் ஒழுகுகிறது! மண்ணும் இப்படித்தான். அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் தேங்கியே நிற்கும், சட்டி எவ்வளவு ஆழமென்றாலும். ஆழச் சட்டியில் அது அடியில் கொஞ்சம், தட்டைச் சட்டியில் வேர் முழுக்க அதற்குள்தான். அதனால்தான் தோட்டத்து மண் போடக்கூடாது. நான் உடைத்த செங்கல்லும் பருமணலும் கொஞ்சம் தும்பும் கலக்கிறேன். செங்கல்லைச் சலித்துத் தூளை எறிந்துவிடுங்கள். வெயில் நாட்களில் இதற்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் தண்ணீர், வேறு வழியில்லை.

மண்சட்டிக் கதைக்கு வருகிறேன். மரம் வளர்கிற காலத்தில், வேர் ஓடவேண்டிய வயதில், எனக்கு நம்முடைய டொக் சட்டிதான் பிடிக்கும். சுவரால் ஈரம் கசிந்து ஆவியாகும், மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல வேரும் குளிரும். வெள்ளை உப்புப் பூக்கும், பாசி பிடிக்கும், பரவாயில்லை. ணிங் சட்டி சபைக்கு வரும்போது.

வொஷிங்டனில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது, 1625இலிருந்து சட்டியில் வளர்கிறது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் நின்றது, தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அது ஹிரோஷிமாவில் நின்ற மரம் என்பது 2001இல் பேரப்பிள்ளைகள் போய்ச் சொன்ன பிறகுதான் அங்கே தெரிந்தது. எனக்கோ, நாலு நாள் யாழ்ப்பாணம் போய்வர மச்சாளிடம் தண்ணீர் ஊற்றச் சொன்னால், ‘பின்னேரம் மழை பெய்ததுதானே’ என்கிறா.

ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது, அரசமரத்தை வளர்க்கலாமா என்று. புறக்கோட்டைப் பழைய கட்டிடங்களின் பீலியில் அரசங்கன்றுகள் எவ்வளவோ முளைத்து நிற்கின்றன. வளரும். ஆனால் இந்த நாட்டில் அரசில் கத்தி வைக்க மனம் கூசுகிறவர்கள் நிறையப் பேர், நானும் அந்தக் கட்சி. அதைத் தொடுவதில்லை.

கடல் கறுத்துக்கொண்டு வருகிறது, காட்டுகிறேன். மரத்தைக் கட்டியாயிற்று, மழை வரமுன் ஒரு வேலை. சட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே இந்தப் பலகைத் துண்டு. ஸ்பொஞ்சை நிமிர்த்திய மாதிரித்தான், சரித்து வைத்தால் தேங்கிய தண்ணீர் ஒரு மூலையால் வடியும்.

நீலச் சட்டி எங்கே என்று கேட்பீர்கள். மஞ்சள் பூக்கிற போகன்வில்லா ஒன்று கிடைத்தால் அதற்குப் பொருந்தும் என்று எடுத்து வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அம்மா அதில் கறிவேப்பிலை நட்டிருக்கிறா. கேட்டதற்கு, ‘இதுக்குத்தான் இந்தச் சட்டி பொருத்தம்’ என்கிறா. அந்தப் பக்கம் கமராவைத் திருப்ப விடமாட்டாவாம், இன்னும் இரண்டு இலை வரட்டுமாம்.