வடிவேலு படங்கள்: எது மேலே, எது கீழே

வணக்கம் நேயர்களே.

வடிவேலுவின் சிறந்த படம் எது என்று கேட்டால் வெள்ளவத்தையில் ஒருவர் ‘வின்னர்’ என்பார், கொட்டாஞ்சேனையில் இன்னொருவர் ‘கிரி’ என்பார். சரி, ‘வின்னர்’ படத்தின் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். வடிவேலு நடித்த கைப்புள்ள அடிவாங்கிய இடமெல்லாம் வரிசையாக வரும். கதாநாயகன் பிரசாந்த் படத்தில் என்ன செய்தார் என்பது மட்டும் வராது. மறதியைக் குறைசொல்லிப் பயனில்லை, அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட விதமே அப்படி.

அந்தக் காலத் தமிழ்ப் படங்கள் பலவற்றில் நகைச்சுவைக்கென்று தனி ‘டிராக்’ இருந்தது. பிரதான கதையோடு இரண்டு மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு, மற்றதைத் தனியாக எழுதி, தனியாகப் படம்பிடித்து, பாட்டுக்கும் சண்டைக்கும் நடுவில் செருகுவார்கள். பிறகு சிரிப்பொலி, ஆதித்யா போன்ற அலைவரிசைகள் வந்து அந்தச் செருகலை மறுபடி உருவி எடுத்து நாள் முழுக்க ஓட்டின. நாங்கள் பார்த்துச் சிரித்ததில் பெரும்பகுதி அப்படி உருவிய துண்டு. துண்டை வைத்துக்கொண்டு படத்துக்கு இடம் கொடுத்தால் கணக்குப் பிழைக்கும்.

ஆகவே வரிசை போட விரும்புபவர் முழுப் படத்தையும் ஒரே இருப்பில் பாருங்கள். பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கட்டும். வடிவேலு திரைக்கு வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் குறியுங்கள். முடிந்ததும் மூன்று கேள்வி. அவர் பந்தா காட்டுகிறாரா? அந்தப் பந்தாவை உடைக்க எதிரே சரியான ஆள் இருக்கிறாரா? அவரைக் கழற்றிவிட்டால் கதை நிற்குமா, விழுமா?

முதல் இரண்டு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. வடிவேலுவின் பகிடி மூன்று படியில் நடக்கும். முதலில் பந்தா, பிறகு அடி, கடைசியில் சமாளிப்பு. பந்தாவும் அடியும் எல்லா நகைச்சுவை நடிகரிடமும் உண்டு. அடிவாங்கிய பிறகு சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலக் குரலை மறுபடி ஏற்றுகிறாரே, அந்த மூன்றாவது படிதான் இவருடைய சொந்தச் சொத்து. ‘வின்னர்’ படத்தில் தரையில் கோடு கிழித்து, அதைத் தாண்டி நீயும் வராதே, நானும் வரமாட்டேன் என்று கட்டதுரையிடம் பேசுகிற இடத்தைக் கவனியுங்கள். கோடு கிழிக்கும்போது கையில் அதிகாரம். எதிராளி ஓர் அடி எடுத்து வைத்ததும் குரலில் மட்டும் அதிகாரம், கால் பின்னால் போகிறது. உடம்பும் வாயும் வேறு வேறு செய்தி சொல்கின்றன. கட்டதுரையாக நடித்த ரியாஸ் கான் அந்த இடத்தில் சிரிக்காமல் நிற்கிறார். அவர் சிரித்திருந்தால் காட்சி செத்திருக்கும்.

இப்போது என் வரிசை. முதலிடம் 2001இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’. சித்திக் இயக்கியது, 1999இல் அவரே எடுத்த மலையாளப் படத்தின் தமிழ் வடிவம். மலையாளத்தில் ஜகதி ஸ்ரீகுமார் செய்த வேடம் இங்கே கான்ட்ராக்டர் நேசமணி ஆனது. நம்முடைய ஊரில் பெயிண்ட் பாஸ் என்று சொல்வோமே, அந்த ரகம்: வேலையை ஏற்கும்போது வாய் பெரிது, ஆட்கள் எல்லாம் அரைகுறை. விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா மூவரும் நேசமணிக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்துதான் அந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைகிறார்கள். காதலும் பகையும் அந்த வீட்டுக்குள்தான் நடக்கின்றன. நேசமணியை எடுத்துவிட்டால் இவர்கள் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எந்த வடிவேலு படத்திலும் இல்லை. இன்னொன்று, இங்கே அவரை அடிப்பதற்கு ரவுடி தேவைப்படவில்லை. ஆணி, சுத்தியல், பழைய மணிக்கூடு என்று பொருட்களே போதும். ரமேஷ் கண்ணா நடித்த கிருஷ்ணமூர்த்தியின் கை தவறி நேசமணியின் தலையில் விழுந்த அந்தச் சுத்தியல் 2019 மே மாதம், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு, சமூக ஊடகங்களில் நேசமணிக்காக ஊர் உலகத்தையே பிரார்த்தனை செய்ய வைத்தது.

இரண்டாவது ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’, 2006. சிம்புதேவன் இயக்கம், ஷங்கர் தயாரிப்பு, வடிவேலு முதன்முதலாகக் கதாநாயகன். மெலிந்த மன்னனின் தலையைப் பருத்த உடம்பில் ஒட்டி ஓவியம் வரையச் சொல்வதும், சாதிச் சண்டைக்கென்று மைதானம் திறப்பதும் அருமையான கற்பனை. ஏன் முதலிடம் இல்லை என்றால், வடிவேலு நடித்த இரட்டையரில் நல்லவனான உக்கிரபுத்தன் அரியணையில் ஏறிய பிறகு படம் உபதேசத்துக்குத் திரும்புகிறது. முன்பாதிக்கு நூற்றுக்கு நூறு, பின்பாதிக்கு ஐம்பது.

மூன்றாவது ‘வின்னர்’. பலர் கோபிப்பார்கள். ஆனால் கொப்பியைத் திறந்து பாருங்கள், கைப்புள்ள இல்லாத நேரம் எவ்வளவு என்று. நான்காவது சேரனின் ‘வெற்றிக் கொடி கட்டு’, 2000. துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவன் என்று ஊரில் வடிவேலு பந்தா காட்ட, பார்த்திபன் ஒவ்வொரு கேள்வியாகப் போட்டு அவிழ்க்கிறார். கட்டுநாயக்காவில் பெட்டியோடு இறங்குகிற ஆட்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் பகிடி விளக்கமில்லாமல் புரியும். படத்தின் கதையும் வெளிநாட்டு வேலை மோசடி பற்றியது. ஆகவே டிராக் தனியாக இருந்தாலும் பொருள் ஒன்றாகவே இருக்கிறது. இந்தத் தந்திரத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்தாவது இடத்தை சுராஜ் இயக்கிய ‘தலைநகரம்’, ‘மருதமலை’ இரண்டுக்கும் பங்குபோடலாம். ‘சந்திரமுகி’ அடுத்தது.

‘தேவர் மகன்’, ‘மாமன்னன்’ இரண்டையும் இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. 1992இல் கை வெட்டுப்பட்ட இசக்கியையும் 2023இல் அந்தச் சட்டமன்ற உறுப்பினரையும் சிரிப்பை வைத்து அளந்தால் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். அவற்றுக்கு வேறு கொப்பி எடுங்கள்.

இனிக் கீழிருந்து. கடைசி இடம் ‘எலி’, 2015. அதற்கு மேலே 2022இன் ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’, அதற்கு மேலே 2014இன் ‘தெனாலிராமன்’, அதற்கும் மேலே 2008இன் ‘இந்திரலோகத்தில் நா அழகப்பன்’. நான்கிலும் அவர்தான் நாயகன். புலிகேசியிலும் அவர்தானே நாயகன், அது மட்டும் எப்படித் தப்பியது? அங்கே முட்டாள் ஒருவன், வீரன் இன்னொருவன். பந்தா முழுவதும் முட்டாளிடமே இருந்தது. ‘தெனாலிராமன்’ படத்திலும் இரட்டை வேடம்தான், ஆனால் படத்தைத் தூக்கிச் செல்பவன் அறிவாளித் தெனாலி. எல்லாச் சிக்கலையும் அவிழ்க்கிறவனுக்கு அடி எங்கிருந்து விழும்? அடி இல்லையென்றால் சமாளிப்பு இல்லை. ‘எலி’யில் திருடனாக இருந்து பொலிசுக்கு உளவு பார்க்கிறார். பயந்து நடுங்க வேண்டிய வேலை. படமோ அவரைக் கெட்டிக்காரனாக்கி ஜெயிக்க வைக்கிறது. நாய் சேகரின் கதி இன்னும் பரிதாபம். ‘தலைநகரம்’ படத்தில் தானும் ரவுடிதான் என்று காட்டுவதற்காகப் பொலிஸ் ஜீப்பில் வலியப் போய் ஏறிய ஆள் அவன். 2022இல் பெயரும் உடுப்பும் திரும்பி வந்தன. அந்தப் போலி ரவுடியின் பயம் வரவில்லை, பதிலுக்கு நாய் கடத்துகிற தொழில் வந்தது.

இடைவெளி விட்டதால்தான் தடுமாறினார், வயதாகிவிட்டது என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘அழகப்பன்’ வந்தது அவர் உச்சத்தில் இருந்த 2008இல். அதிலும் இதே பழுதுதான்.

இந்த வார இறுதியில் பார்க்கத் தொடங்குபவர்கள் ‘வெற்றிக் கொடி கட்டு’ படத்தை முதலில் எடுங்கள். துபாய்க் காட்சியை இரண்டு தடவை ஓட்டுங்கள். முதல் தடவை எப்படியும் வடிவேலுவைத்தான் பார்ப்பீர்கள். இரண்டாவது தடவை பார்த்திபனின் முகத்தை மட்டும் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.