புறப்படும் முன்பே நடந்த பயணம்

நேயர்களுக்கு வணக்கம்.

வாண்டே குளோப் என்றொரு பாய்மரப் படகுப் போட்டி. பிரான்சின் மேற்குக் கரையில் புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் லியூவின் முனை, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை மூன்றையும் கடந்து, உலகைச் சுற்றி அதே துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். படகில் ஒருவர் மட்டுமே. வழியில் எந்தத் துறைமுகத்திலும் நிற்கக் கூடாது; எது உடைந்தாலும் தானேதான் சரிசெய்ய வேண்டும். 2000 நவம்பரில் இங்கிலாந்துப் பெண் எலன் மக்ஆர்தர் இதில் புறப்பட்டபோது அவருக்கு வயது 24. 94 நாட்களில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அந்த 94 நாட்களை எல்லோரும் துணிச்சல் என்று புகழ்ந்தார்கள். எனக்கோ, அதற்கு முந்தைய ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

அவர் பிறந்த டார்பிஷயருக்குக் கடற்கரையே கிடையாது. பள்ளியில் மதிய உணவுக்குக் கொடுத்த காசை மிச்சம்பிடித்து முதல் சிறு படகை வாங்கிய பெண் அவர். 1995-இல் 21 அடிப் படகொன்றில் தனியாகப் பிரிட்டனைச் சுற்றிவந்தார். 1997-இல் ஆறரை மீட்டர் படகில் அட்லாண்டிக்கைக் கடக்கும் மினி டிரான்சாட் போட்டியில் 17-ஆம் இடம். பரிசு இல்லை, ஆனால் பெருங்கடலில் தனியாக இருப்பது எப்படி என்பது பழகிவிட்டது.

தூக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தனியாகப் போகிறவர் அயர்ந்து தூங்கினால் சரக்குக் கப்பல் மோதலாம், காற்று திசைமாறிப் பாய் கிழியலாம். தூங்காமலே இருந்தாலோ மூன்றாம் நாளில் புத்தி தடுமாறும். திசையைக் கணிப்பதில் வரும் சிறு பிழையும் படகையே விழுங்கிவிடும். ஆகவே தூக்கத்தைத் துண்டு துண்டாக்கி, கிடைக்கும் இடைவெளியில் சட்டென்று உறங்கி, சட்டென்று விழிக்கப் பழக வேண்டும். கிளாடியோ ஸ்டாம்பி என்ற ஆய்வாளர் எலனின் தூக்கத்தை அளந்து ஆராய்ந்தார். உடல் வலுவைக் காட்டிலும் இந்தப் பயிற்சிதான் கடினம் என்பது என் எண்ணம். தசைக்குக் கட்டளை இடலாம், உறக்கத்துக்கு இட முடியாது.

அடுத்தது படகு. 60 அடி நீளமுள்ள கிங்ஃபிஷர் நியூசிலாந்தில் கட்டப்பட்டது. அதைக் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை; எலனும் குழுவினரும் ஹார்ன் முனையைச் சுற்றிக் கடல்வழியாகவே ஐரோப்பாவுக்கு ஓட்டிவந்தார்கள். எந்தக் கயிறு தேய்கிறது, எந்தக் காற்றுக்கு எந்தப் பாய் தாங்கும் என்பதெல்லாம் அந்த ஓட்டத்தில்தான் தெரியும். 2000-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து அமெரிக்காவின் நியூபோர்ட் வரை தனியாக ஓட்டும் போட்டியில் தன் பிரிவில் எலன் முதலிடம் பெற்றார்.

ஆகவே, நவம்பரில் கரையை விட்டு நகர்ந்த அந்தப் பெண்ணுக்குத் தன் படகும் தெரியும், வரப்போகும் ஹார்ன் முனையும் தெரியும்.